கால்விரலில் கட்டிய தங்கூசி

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. வாசலோரம் இருக்கிறவர்களும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள். காலை நீட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் மடக்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு உங்களுக்கே விளங்கும். பேய்க்கதை என்றால் இருட்ட வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பீர்கள். நான் சொல்லப்போகிற கதையில் இருட்டு இல்லை. நல்ல வெயில். ஊர் முழுக்க முழித்திருக்கிற நேரம். பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்கும் முன்னே அது யாருடைய கை என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

குருநகரில், கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் லெனாட்டின் வீடு. பொழுதுபட வள்ளத்தில் போய், விடிய வந்து, மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, மற்றவர்கள் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் பாயை விரிக்கிறவன் அவன். அவனுக்குப் பகல்தான் இரவு. ஒழுங்கையால் போகும் மோட்டார் சைக்கிள்களும், ஐஸ் லொறியின் இரைச்சலும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் அவனுடைய நித்திரையைக் கலைத்ததில்லை. அந்தச் சத்தங்கள் இல்லாவிட்டால்தான் அவனுக்குக் கண் மூடாது.

முதலில் பிசகியது காற்று.

அன்று மத்தியானம் அவன் கண்ணைத் திறந்தபோது வேதக்கோவிலின் திரிகால மணி அடித்து ஓய்ந்து, அதன் கடைசி முழக்கம் கூரைத் தகரத்தில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யன்னல் துணி அசைந்தது. சுவரில் கலண்டரின் தாள் படபடத்தது. சமையலறையில் அவனுடைய மனைவி றொசாந்தி திருவலையில் தேங்காய் திருவும் சத்தம், சரக் சரக்கென்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எல்லாம் வழமைபோலத்தான். ஆனால் அவனுடைய முகத்தில் மட்டும் காற்றுப் படவில்லை. விசிறிக்கும் முகத்துக்கும் நடுவில் யாரோ குனிந்து நிற்கிற மாதிரி, முகம் வெக்கையிலே கிடந்தது.

வேர்வையைத் துடைக்கலாம் என்று கையைத் தூக்கினான். கை வரவில்லை. தலையைத் திருப்பப் பார்த்தான். அதுவும் இல்லை. நெஞ்சில் ஈர வலையைச் சுருட்டி வைத்தது போல ஒரு பாரம், மெல்ல மெல்ல, மூச்சு வெளியே போகப் போக அந்த இடத்தை எடுத்துக்கொண்டு இறங்கியது. வற்றுக்கடலில் சேறும் அழுகிய சாதாளைப் பாசியும் வெயிலில் அவிகிற மணம் அறைக்குள் எழும்பியது. சமையலறையில் தேங்காய் திருவும் சத்தம் சட்டென்று நின்றது. நின்றதும், வீட்டுக்குள் ஏதோ ஒன்று காது கொடுத்துக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வந்தால் உங்களுக்கும் தெரியும்.

எவ்வளவு நேரமோ, ஒரு முனகல் தொண்டையிலிருந்து பிய்ந்து வந்தது. உடம்பு விட்டது. எழும்பி உட்கார்ந்தான். றொசாந்தி கையில் தேங்காய்ப்பூவோடு ஓடி வந்து நின்றாள்.

"என்னப்பா, கனவோ?"

கனவு என்றுதான் அவனும் சொன்னான். ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. மத்தியான மணிக்குப் பிறகு, அதே வெக்கை, அதே மணம். மல்லாந்து படுப்பதால் வருகிறது, சரிந்து படுங்கள் என்றாள் றொசாந்தி. அமுக்குப் பேய் என்றார்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள்; தலைமாட்டில் இரும்புத் துண்டு வைக்கச் சொன்னார்கள். அவன் நங்கூரத்தின் உடைந்த கை ஒன்றை வைத்துப் பார்த்தான். இரும்பு பேசாமல் கிடந்தது, அமுக்கமும் வந்தது. கடைசியில் நகரத்தில் ஒரு டொக்டரிடம் போனான். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். உடம்பு நித்திரையிலே இருக்க மூளை மட்டும் முந்தி முழித்துவிடுகிறது, பகலில் படுக்கிறவர்களுக்கு இது வருவதுண்டு, கண்ணுக்கு ஆட்களும் தெரிவார்கள், அதொன்றும் மெய்யில்லை என்றார். கை கால் முழுவதையும் ஆட்டப் பார்க்காமல் கால்விரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பழகு, ஒரு விரல் அசைந்தால் முழு உடம்பும் விட்டுவிடும் என்றும் சொன்னார்.

கால்விரல் என்றதும் லெனாட்டுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளே, அது ஒரு கடற்காரனுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை.

தூண்டில் போட்டு மீனுக்குக் காத்திருக்கும்போது நித்திரை அமத்தினால், எங்கள் ஆட்கள் தங்கூசியைக் கால்பெருவிரலில் கட்டிவிட்டு வள்ளத்திலேயே சரிந்துகொள்வார்கள். தங்கூசி தெரியும்தானே, அந்தக் கண்ணாடி மாதிரி நைலோன் நூல். மீன் கடித்தால் விரல் இழுபடும், மனிதன் எழும்பிவிடுவான். லெனாட் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தான். ஒரு நுனியைத் தன் பெருவிரலில் மாட்டி, மறுநுனியைக் கதவு நிலையைச் சுற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோய், அங்கே ஆணியில் தொங்கிய தகரப் பேணியில் கட்டினான். அமுக்கம் வரும்போது விரலைக் கொஞ்சம் அசைத்தால் போதும், பேணி கிலுங்கும், றொசாந்தி வந்து விரலைப் பிடித்து இழுத்து எழுப்புவாள்.

தங்கூசிக்கு அவன் கடைக்குப் போகவில்லை. வீட்டிலே நல்லதொரு சுருள் கிடந்தது. அது கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கம் தொடங்குவதற்குச் சில நாளைக்கு முன், மண்டைதீவுப் பக்கம் பரவைக்கடலில், விடிந்து திரும்பி வருகிற வழியில், ஒரு வெள்ளை பிளாஸ்ரிக் கான் மிதந்துகொண்டிருந்தது. கழுத்தில் தங்கூசி கட்டியிருந்தது. யாருடையதோ விடுபட்டு வந்த மிதவை. லெனாட் அதைப் பிடித்து இழுத்தான். கீழே பாரம் இருந்தது. இழுக்க இழுக்கக் கொஞ்சம் வரும், பிறகு கீழிருந்து இழுபடும், பிறகு தளரும். பெரிய மீன் என்று நினைத்து அவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தான். இடுப்பளவு தண்ணீர்தான் அந்த இடத்தில். அப்படியொரு மீன் இருந்தால் முதுகு தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று பாரம் இல்லாமல் போனது. தங்கூசி சும்மா மேலே வந்தது. நுனியில் தூண்டில் இல்லை, ஈயம் இல்லை. அறுந்த மாதிரியும் இல்லை. ஒரு கண்ணி மட்டும், ஒரு பெரிய ஆளின் கால்விரல் நுழையும் அளவுக்கு, வடிவாக முடியப்பட்டிருந்தது.

எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சுபாஸ், றொசாந்தியின் தம்பி.

"அத்தான், உது எங்கடை இல்லை. விட்டுட்டு வாங்கோ," என்றான் அவன்.

நல்ல தங்கூசி, ஆரும் கடலிலே விடுவானோ என்று லெனாட் சுற்றி எடுத்துக்கொண்டான். இப்போது வீட்டில், முடிச்சுப் போடும் வேலைகூட இல்லை. அந்தக் கண்ணி அவனுடைய பெருவிரலுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

றொசாந்திக்குச் சிரிப்பு. "கட்டின மனுசனைத் தூண்டிலிலை போட்டு வைச்சிருக்கிறவள் இந்தக் குருநகரிலை நான் ஒருத்திதான்," என்றாள். அவர்களுடைய ஒரே பிள்ளை ஷெரோன், நேசறிக்குப் போகிற வயது. தங்கூசி போகும் வழியைச் சமையலறை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டாள்.

"பப்பா, இதிலை ஆர் மீன்? நீங்களோ அம்மாவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். லெனாட்டும் சிரித்தான். 

முதலில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. மணி ஓயும், முகத்தில் காற்று நிற்கும், சேற்று மணம் வரும். அவன் பயத்தை அடக்கிக்கொண்டு விரலை மட்டும் நினைப்பான். சற்று நேரத்தில் வாசலில் அவள் தெரிவாள். றொசாந்தி வீட்டில் போடுகிற பச்சைப் பூப்போட்ட சட்டை. தலை முழுகிய ஈரத்தோடு, கூந்தல் முகத்தை மறைத்து முன்னால் விழ, அவனுடைய காலடியில் குனிவாள். விரலைப் பிடித்து ஒரு இழுவை. உடம்பு விட்டுவிடும். அவன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். மறுபடி திறக்கும்போது அவள் வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைப்பான். புருசன் பெண்சாதிக்குள் எதற்கு என்று விட்டுவிடுவான்.

ஒருநாள் விடுபட்ட உடனே அவனுக்குத் தண்ணீர் விடாய்த்தது. எழும்பிச் சமையலறைக்குப் போனான்.

அங்கே யாரும் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. பின்கதவு உள்ளே பூட்டியிருந்தது. தகரப் பேணி ஆணியில் ஆடாமல் அசையாமல் தொங்கியது. "றொசா," என்று கூப்பிட்டான். கிணற்றடியிலும் இல்லை. அவன் தண்ணீர்ச் செம்போடு முன்வாசலில் வந்து நின்று, வெகு நேரத்துக்குப் பிறகுதான் ஒழுங்கை முனையில் அவள் வருவதைக் கண்டான். சேலை கட்டியிருந்தாள். தலை காய்ந்து, இறுக்கி முடிந்திருந்தது.

"எங்கை போட்டு வாறாய்?"

"கடைக்கு."

கையில் பை இல்லை. விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. அவன் அதைப் பார்க்கிறான் என்று கண்டதும் அவள் நகத்தால் சுரண்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் வரைக்கும் அவன் யோசித்துக்கொண்டே கிடந்தான். அவள் வெளியே போயிருந்தால் விரலை இழுத்தது ஆர்? அந்தக் கேள்வியை நேரே பார்க்க அவனுக்குத் துணிவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த மற்றக் கேள்வியைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏன் பொய் சொன்னாள்? தன் வீட்டுக்குள் நடமாடுகிற ஒன்றைச் சந்தேகிப்பதைவிடத் தான் கட்டினவளைச் சந்தேகிப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. மனுசர் பாவங்கள், அப்படித்தான்.

சந்தேகம் வந்த பிறகு எல்லாம் அதற்குச் சாட்சியாகிவிட்டது. படுக்கும் முன் அவள் தருகிற தேத்தண்ணி முன்பைவிடக் கசந்தது. அந்த வெள்ளைப் பொருள் எதுவாக இருக்கும் என்று நினைத்துத் தேத்தண்ணியைக் குடிக்காமல் வாய்க்காலில் ஊற்றினான். ஊற்றின நாளிலும் அமுக்கம் வந்தது. நித்திரை போலக் கிடந்து பார்த்தான். மணிக்குச் சற்று முன்னே அவள் மெதுவாக வந்து எட்டிப் பார்ப்பதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்குவதும் தெரிந்தது. எழும்பிப் பின்னால் போகலாம் என்று நினைப்பான். நினைக்கும்போதே மணி அடித்துவிடும். பிறகு காற்று நின்றுவிடும். பிறகு வாசலில் பச்சைச் சட்டை.

இழுவை நாளுக்கு நாள் கூடியது. விரலைச் சுற்றிச் சிவந்த வளையம் ஒன்று விழுந்திருந்தது. அவள் போய்விட்டாள் என்று தெரிந்திருந்தும், காலடியில் குனிகிறவள் அவள்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தான். போகிற மாதிரிப் போய்ப் பின்னால் திரும்பி வருகிறாள். எதற்கோ தன்னைப் பழக்குகிறாள். அந்தக் கூந்தலுக்குள் இருக்கிற முகத்தை ஒருநாளும் காணவில்லை என்பதை மட்டும் அவன் நினைக்காமல் விட்டான்.

ஒருநாள் காலையில் கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும்போது சுபாஸிடம் வாயைக் கொடுத்தான். உன்ரை அக்கா மத்தியானத்தில் எங்கே போகிறாள் என்று உனக்குத் தெரியுமோ என்று பகிடி போலச் சிரித்துக்கொண்டு கேட்டான். சுபாஸ் வலையை விட்டு நிமிர்ந்தான். அவனுடைய முகத்தில் ஏதோ தெரிந்தவனின் பதுங்கல் ஒன்று வந்து போனது.

"அத்தான், நீங்கள் நித்திரையிலை பேயைக் காணுங்கோ. முழிப்பிலை காணாதேங்கோ."

"அப்ப உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது," என்று சொல்லி அவன் வலையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டான். லெனாட்டுக்கு அது போதுமாக இருந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

நேசறிக்கு விடுமுறை விட்ட அன்று றொசாந்தி பிள்ளைக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, தன்னோடு கூட்டிக்கொண்டு போக ஆயத்தப்படுத்தினாள். லெனாட் பாயிலிருந்து எழும்பி வந்தான். இரவு முழுக்கக் கச்சான் காற்று அடித்து வள்ளத்தைப் பிரட்டியிருந்தது. அவனுக்கு நிற்கவே கால் தள்ளாடியது.

"பிள்ளை நிக்கட்டும்," என்றான்.

"நீங்கள் நித்திரை. பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"நான் நித்திரை கொள்ளமாட்டன். நீ போறதெண்டால் போ. பிள்ளை இஞ்சை நிக்கட்டும்."

 அவள் குரலைத் தாழ்த்தி, "பிள்ளையை வைச்சு என்னைப் பிடிக்கிறியளோ?" என்று கேட்டாள். அவன் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவளுக்குக் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இன்று ஒருநாள்தான், எல்லாம் வந்து சொல்கிறேன் என்றாள். படியில் இறங்கினவள் திரும்பிப் பார்த்தாள்.

"கெதியா வாறன். கண்ணயர்ந்திடாதேங்கோ."

அவன் முன்கதவைச் சாத்தினான். தங்கூசியை விரலிலிருந்து கழற்றினான்; பேணியிலிருந்தும் அவிழ்த்தான். இனிமேல் ஒருத்தியும் என்னை இழுத்து எழுப்ப வேண்டாம் என்று அதைச் சுற்றிச் சமையலறை ஆணியிலே கொழுவினான். பிள்ளையைப் பாயில் தன் பக்கத்தில் படுக்க வைத்து, அவளுடைய சின்னக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி கிடந்தான்.

கிடந்தானே தவிர, இரவு பிரட்டிய கடல் இன்னும் உடம்புக்குள் பிரட்டிக்கொண்டிருந்தது. பாய் வள்ளம் போலத் தாழ்ந்து எழும்பியது. யன்னல் துணியில் வெயில் மஞ்சளாக ஊறியது. பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் அரைத்தார்கள். கருவாட்டு மணம் வந்தது. ஒழுங்கையில் ஐஸ் லொறி பின்னுக்கு எடுத்தது. கைக்குள் இருந்த சின்னக் கை எப்போது நழுவியது என்று அவனுக்குத் தெரியவில்லை. சமையலறையில் வாங்குப் பலகை ஒன்று நிலத்தில் இழுபடும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு குட்டிக் காலடிகள். பாயில் மறுபடி ஒரு சின்னப் பாரம்.

"என்ன பிள்ளை?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"ஒண்டுமில்லை பப்பா. இண்டைக்கு நான் மீன்."

அந்தச் சொல் அவனுக்குள் இறங்குவதற்கு முன் மணி அடித்தது.

மணி ஓய்ந்தது.

கண் திறந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் காற்றுப் பட்டது. நல்ல குளிர்ந்த காற்று. ஒரு கணம் சந்தோசப்பட்டான். பிறகு கையைத் தூக்கினான். கை வரவில்லை.

காற்று அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இன்று யாருடைய முகத்துக்கு அது போகவில்லை?

சேற்று மணம். சாதாளை. சமையலறையில் தேங்காய் திருவும் சத்தம் தொடங்கியது. சரக் சரக்கென்று, ஒரே சீராக. றொசாந்தி வீட்டில் இல்லை. வீட்டில் தேங்காய் இல்லை. அவன் காலையில் தானே கடைக்குச் சொல்லியிருந்தான், தேங்காய் முடிந்துவிட்டதென்று.

சத்தம் நின்றது.

வாசலில் பச்சைப் பூப்போட்ட சட்டை. ஈரக் கூந்தல். அவனுடைய கண்ணின் ஓரத்தால் அது வந்தது. காலடிச் சத்தம் இல்லை. ஈரத் துணி நிலத்தில் இழுபடும் சத்தம் மட்டும். அவனுடைய காலடியில் நிற்கவில்லை. தாண்டிப் போனது. பாயின் மற்றப் பக்கம்.

விரல், என்று நினைத்தான். ஒரு விரல்.

பக்கத்தில் பிள்ளையின் மூச்சுக் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

விரல். அந்தோனியாரே, ஒரு விரல்.

அசைந்தது. ஒருவரும் இழுக்காமல் அது தானாக அசைந்தது. உடம்பு விட்டது. அவன் பாயில் புரண்டு எழும்பினான்.

அறையில் யாரும் இல்லை. ஷெரோன் மல்லாந்து கிடந்தாள். கண் இரண்டும் திறந்திருந்தன. இமைக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, ஒரு மயிர்கூட அசையவில்லை, அதே விசிறியின் கீழே. வாய் மூடியிருந்தது. அந்தக் கண்கள் அவனைப் பார்த்தன. அவனுக்கு அந்தப் பார்வை தெரியும். உள்ளே இருந்துகொண்டு கத்துகிற பார்வை.

அவளுடைய வலது காலின் பெருவிரலில் கண்ணி. அவனுக்கு அளவாக இருந்த கண்ணி. இப்போது அவளுக்கு அளவாக இருந்தது. அதிலிருந்து தங்கூசி நிலத்தில் படாமல், விறைப்பாக, கதவு நிலையைச் சுற்றிச் சமையலறைக்குள் போனது.

இழுபட்டது. சின்னக் கால் பாயில் ஒரு சாண் வழுக்கியது.

தளர்ந்தது.

மறுபடி இழுபட்டது.

கண்ணியைக் கழற்றப் பார்த்தான். அது சதைக்குள் இறங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கினான். தங்கூசி விறைத்தது, அவளுடைய வாய் சத்தமில்லாமல் திறந்தது, விரலைச் சுற்றிச் செம்மை ஊறியது. பயந்துபோய்த் திரும்பப் பாயில் வைத்தான். தங்கூசியைப் பல்லுக்குள் வைத்துக் கடித்தான். எத்தனையோ தங்கூசியைக் கடித்து அறுத்த பல். இது அறவில்லை. வாய் முழுக்க உப்பும் சேறும்.

கையில் சுற்றிப் பிடித்தான். இரண்டு சுற்று. காலைக் கதவு நிலையில் மிதித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தான்.

அந்தப் பாரம். பரவைக்கடலில் அன்று விடியற்காலையில் அவனுடைய கைக்கு வந்த அதே பாரம். அப்போது அவன் அதை இழுத்துப் பார்த்தான். அது அவனை இழுத்துப் பார்த்தது. அவசரம் இல்லாத ஒரு கை. தொழில் தெரிந்த கை.

முன்கதவு திறந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் றொசாந்தி வந்தாள். ஒரு கையில் பாதி எரிந்த மெழுகுதிரி. மற்றக் கையில் மந்திரித்த எண்ணெய்ப் போத்தல். "கோவிலிலை நவநாள் செபம் முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "முடியமுன்னம் உங்களிட்டைச் சொன்னால் நேத்திக்கடன் பலிக்காதெண்டுதான் மறைச்சனான், உங்களுக்காண்டித்தான்" என்றவள் நின்றாள். அவள் விரலில் மெழுகு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அவன் இருந்த இடத்திலிருந்து சமையலறை தெரியாது. நிலை மறைத்தது. அவள் நின்ற இடத்திலிருந்து தெரியும்.

றொசாந்தி பிள்ளையைப் பார்த்தாள். அவனுடைய கையில் சுற்றியிருந்த தங்கூசியைப் பார்த்தாள். அது போகும் வழியே அவளுடைய கண் போனது. சமையலறைக்குள் போனது. அங்கே நின்றது.

போத்தல் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

"றொசா," என்றான் அவன். "அங்கை என்ன தெரியுது?"

 அவளுடைய கை மட்டும் மெதுவாக எழும்பித் தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு தன் முகத்தை.

தங்கூசி தளர்ந்தது.

மீன் களைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, கடைசி இழுவைக்கு முன்னே, கை மாற்றிப் பிடிப்பதற்காக ஒரு கணம் அப்படித் தளர விடுவார்கள். லெனாட் அதைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறான்.

அவன் மூன்றாவது சுற்றையும் கையில் சுற்றினான். பிடியை இறுக்கினான். சமையலறைக்குள் இருந்து, றொசாந்தியின் குரலில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது அவள் கூப்பிடும் அதே இழுவையில், "ஷெரோன்," என்று ஒரு குரல் வந்தது.

றொசாந்தியின் வாய் திறக்கவே இல்லை.

பாயில் கிடந்த பிள்ளையின் கண்கள், அவை மட்டும், தகப்பனை விட்டு மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பின.

போதும் என் செல்லங்களே, இவ்வளவுதான். உங்கள் வீட்டில் படுக்கிறவர்களின் முகத்தில் எந்நேரமும் காற்றுப் படட்டும். கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் பொருளோடு மட்டும் திரும்பி வரட்டும். உங்கள் அடுக்களையில் கேட்கும் குரல் உங்கள் வீட்டுக்காரியின் குரலாகவே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஒருவரும் வந்து இழுக்காமல், தாங்களாகவே கண் விழித்து, சிரித்துக்கொண்டு எழும்பட்டும்.